எந்த வரியில் தப்பு என்று சொல்லாமல் பூஜ்யம் போடலாமா?



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். அவசரத்தில் இருப்பவர்கள் ஒரு சாயா போட்டு வைத்துக்கொண்டு நிதானமாக வாசியுங்கள். ஒரு டிவி பெட்டியைப் பற்றி இவ்வளவு கோபப்பட வேண்டுமா என்று சிலர் கேட்பீர்கள். கடைசிவரை வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

போன சனிக்கிழமை மழை விட்ட நேரம், பக்கத்து வீட்டு அக்கா ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். எழுபத்தைந்து வயது தாண்டியவர். பைக்குள்ளே இரண்டு பழைய வி.சி.டி. தட்டுகளும் ஒரு பென்டிரைவும்.

"சாரே, இதுல ஒண்ணும் இல்லியாம். அழிஞ்சுபோச்சாம். ஆக்கருக்காரன் நாளைக்கு வருவான். அதுக்கு முன்ன நீங்க ஒருக்கா பாத்து சொல்லணும்."

அவருடைய மகனின் கல்யாண வீடியோ அது. 1999இல் நடந்த கல்யாணம். கேசட்டில் எடுத்ததைப் பிறகு ஸ்டுடியோக்காரர் இரண்டு தட்டுகளில் போட்டுக் கொடுத்திருக்கிறார். அந்த மகன் இப்போது இல்லை. இறந்து பதினோரு வருடம் ஆகிறது. வளைகுடாவில் வேலை பார்த்தவர் என்பதால் வீட்டில் இருந்த நாட்களே குறைவு. அவர் நடந்து, சிரித்து, பேசுவதைப் பார்க்க அந்த இரண்டு தட்டுகளைத் தவிர வேறு எதுவும் அக்காவிடம் கிடையாது.

போன கிறிஸ்துமஸுக்கு மகள் புது டிவி வாங்கிக் கொடுத்திருக்கிறார். தட்டு போடும் பழைய பெட்டி பழுதாகிவிட்டதால், பேரன் தட்டில் இருந்ததை எல்லாம் பென்டிரைவில் ஏற்றி டிவியில் சொருகியிருக்கிறான். டிவி ஒன்றையும் காட்டவில்லை. கோப்புறையைத் திறந்தால் காலி. பெட்டியைப் பொருத்த வந்த பையனிடம் கேட்டதற்கு, "தட்டு எல்லாம் போச்சு அம்மா, இனி ஒண்ணும் செய்ய முடியாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். வீடே அதை நம்பிவிட்டது.

நான் பென்டிரைவை என் பழைய மடிக்கணினியில் சொருகினேன். உள்ளே இரண்டு கோப்புகள் இருந்தன. ஒவ்வொன்றும் 600 எம்.பி.க்கு மேல். காலியான பானைக்கு இவ்வளவு எடை வருமா? கணினியில் இருந்த வி.எல்.சி. என்ற இலவச மென்பொருளில் திறந்தேன். உடனே ஓடியது.

அப்படியானால் டிவியில் ஏன் தெரியவில்லை? வி.சி.டி. தட்டில் படம் இருக்கும் கோப்பின் பெயர் டி.ஏ.டி. என்ற மூன்று எழுத்தில் முடியும். இன்றைய டிவிகளில் பல அந்த மூன்றெழுத்தைப் படக்கோப்பு என்று கணக்கில் எடுப்பதே இல்லை. உள்ளே இருப்பது என்ன என்று திறந்துகூடப் பார்க்காமல், பட்டியலிலேயே சேர்க்காமல் விட்டுவிடும். நான் கோப்புகளை ஒரு பிரதி எடுத்து, பிரதியில் மட்டும் அந்த மூன்றெழுத்தை எம்.பி.ஜி. என்று மாற்றினேன். அவ்வளவுதான். அக்கா வீட்டுக்குப் போய் டிவியில் சொருகினோம். பெயர் வந்தது. அமுக்கினோம். படம் வந்தது.

பந்தியில் நின்று யாரையோ சாப்பிடக் கூப்பிடும் அவர் மகனின் குரல் வந்தபோது அக்கா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சத்தம் கூட்டி வையுங்க சாரே" என்றார்.

இதை என் சாமர்த்தியத்தைச் சொல்வதற்காக எழுதவில்லை. மூன்று எழுத்து மாற்றியதில் என்ன சாமர்த்தியம்? மறுநாள் ஆக்கருக்காரன் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் என் கேள்வி. ஒரு தாயிடம் இருந்து மகனை இரண்டாவது முறை பறித்திருப்போம். பறித்தது யார்? தட்டு கெடவில்லை. கோப்பு கெடவில்லை. "இந்தப் பெயரில் முடியும் கோப்பை நான் பார்ப்பதில்லை" என்ற ஒரு வரியைத் திரையில் காட்டாமல், காலிக் கோப்புறையைக் காட்டிய பெட்டிதான் காரணம்.

நான் இடைநிலை ஆசிரியர். ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ முடித்து முப்பது வருடத்துக்கு மேல் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவன். பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்த பாடங்களில் ஒன்று, பிள்ளை கணக்கைத் தப்பாகப் போட்டால் வெறும் பூஜ்யம் போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுக்காதே என்பது. எந்த வரியில் பிசகினான் என்று பார். கூட்டும்போது மீதியை விட்டுவிட்டானா, வாய்பாட்டில் தப்பா, கேள்வியையே தப்பாக எழுதிக்கொண்டானா? அந்த வரிக்கு அடியில் சிவப்பு மையால் கோடு போடு. மற்றதை அவனே திருத்திக்கொள்வான். வெறும் பூஜ்யம் வாங்கிய பிள்ளை தனக்குக் கணக்கே வராது என்று நம்பிவிடும்.

இன்றைய டிவி பெட்டிகள் செய்வது அந்த வெறும் பூஜ்யம்தான். "கோப்பை இயக்க முடியவில்லை." "இந்த வடிவம் ஆதரிக்கப்படவில்லை." ஏன்? எந்தப் பகுதி? படமா, ஒலியா, பென்டிரைவா, கம்பியா? ஒரு சொல் கிடையாது. பெட்டிக்குள்ளே இருக்கும் சில்லுக்குக் காரணம் பெரும்பாலும் தெரியும். கோப்பின் தொடக்கத்திலேயே, படம் எந்த முறையில் பதிந்தது, ஒலி எந்த முறையில் பதிந்தது என்று எழுதியிருக்கும். அதை வாசித்துப் பார்த்த பிறகுதான் முடியாது என்ற முடிவுக்கே பெட்டி வருகிறது. தெரிந்த காரணத்தைத் திரையில் எழுத என்ன செலவு?

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களைத் திட்டுகிறவன் தன் தப்பையும் சொல்ல வேண்டும். என் அப்பாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு வி.எச்.எஸ். கேசட் எடுத்தோம். அவர் குரல் பதிவான ஒரே இடம் அதுதான். நம் ஊரில் இரண்டு பருவமழையும் பெய்யும். ரப்பர் தோட்டத்து ஈரம் சுவர்வழியே ஏறும். 2011இல் அந்தக் கேசட்டை எடுத்துப் பார்த்தபோது, நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூப்போல் படிந்திருந்தது. ஒருவரிடம் காட்டினேன். "பூஞ்சை புடிச்சாச்சு சார், இனி ஓடாது" என்றார். நான் வேறு யாரிடமும் கேட்கவில்லை. மற்ற குப்பைகளோடு அதையும் கொடுத்துவிட்டேன். நாடாவில் பிடித்த பூஞ்சையைத் துடைத்து எடுக்க முறை இருக்கிறது என்றும், துடைக்காமல் டெக்கில் போட்டால்தான் ஆபத்து என்றும், அதைத் தொழிலாகவே செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றும் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. கணக்கு வாத்தியார் தன் அப்பாவின் நோட்டுக்கே பூஜ்யம் போட்டுக் கிழித்து எறிந்துவிட்டேன். அந்தக் குற்ற உணர்வுதான் இந்தப் பதிவுக்குப் பின்னால் இருப்பது.

2016இல் நான் பணி ஓய்வு பெற்றேன். அதே வருடம் ஜூலையில் ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் வி.சி.ஆர். தயாரிப்பதை நிறுத்தியது. உலகத்தில் கடைசியாக அதைத் தயாரித்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்தான். எனக்கும் டெக்குக்கும் ஒரே வருடத்தில் ஓய்வு. அதற்குப் பிறகு கிடைத்த நேரத்தில்தான் இந்த விஷயங்களை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன்.

கற்றுக்கொண்டதில் முக்கியமானதை நம் ஊர் உதாரணத்தோடு சொல்கிறேன்.

என் அப்பா படித்தது திருவிதாங்கூர் காலத்துப் பள்ளிக்கூடத்தில், மலையாளத்தில். 1956 நவம்பர் 1ஆம் தேதி நம் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்குப் பிறகும் அவர் கடிதம் எழுதினால் மலையாளத்தில்தான் எழுதுவார். கவர் ஒன்றுதான். முகவரி வாசிக்கலாம், தபால்காரர் சரியாகக் கொண்டு வந்து தருவார். பிரித்தால் உள்ளே மலையாளம். எனக்கு வாசிக்கத் தெரியும். என் பிள்ளைகளுக்குத் தெரியாது. அதற்காக என் மகன் அந்தக் கடிதத்தைப் பார்த்து, "தாத்தாவின் கடிதம் கெட்டுப்போச்சு" என்று சொன்னால் நான் சும்மா இருப்பேனா? உனக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று சொல் என்பேன்.

வீடியோவும் அப்படியே. எம்.பி.4, எம்.கே.வி., ஏ.வி.ஐ. என்று பெயரின் கடைசியில் பார்க்கிறோமே, அது கவர். உள்ளே படம் ஒரு மொழியிலும் ஒலி இன்னொரு மொழியிலும் எழுதியிருக்கும். படத்துக்கு எச்.264 என்பது 2003இல் வந்த முறை, ஏறக்குறைய எல்லாப் பெட்டிக்கும் தெரியும். எச்.265 என்பது 2013இல் வந்தது, பழைய பெட்டிக்குத் தெரியாது. ஏ.வி.1 2018இல் வந்தது, அதைவிடப் புதிய பெட்டிகளுக்கு மட்டும் தெரியும். ஒலியிலும் இப்படி ஏ.ஏ.சி., டால்பி, டி.டி.எஸ். என்று பல. கவர் ஒன்றுபோல இருக்கும் இரண்டு எம்.பி.4 கோப்புகளில் ஒன்று ஓடி மற்றது ஓடாததற்கு இதுதான் காரணம். அக்கா வீட்டுக் கதையில் தப்பு கவர்மேல் எழுதிய பெயரில் இருந்தது, அதனால் பெயரை மாற்றியதும் ஓடியது. உள்ளே எழுதிய மொழி தெரியாவிட்டால் பெயரை மாற்றிப் பயன் இல்லை, மொழிபெயர்க்கத்தான் வேண்டும்.

இதில் காசு விவகாரமும் இருக்கிறது. இந்த முறைகளில் பலவற்றுக்குக் காப்புரிமை உண்டு. பெட்டி செய்கிறவர் உரிமையாளர்களுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். எச்.265க்குக் கட்டணம் கேட்டு ஒன்றுக்கு மேற்பட்ட கூட்டமைப்புகள் தனித்தனியாகக் கிளம்பின. அதனால் சில இடங்களில், சில்லுக்கு வாசிக்கத் தெரிந்தும் வாயைக் கட்டி வைத்திருப்பார்கள். பெரிய நிறுவனங்கள் இடையில் கைவிடுவதும் உண்டு. சாம்சங் 2018 மாடல்களில் இருந்து டி.டி.எஸ். ஒலியை நிறுத்தியது. எல்ஜி 2020இல் நிறுத்தி, 2023இல் சில மாடல்களில் மட்டும் திரும்பக் கொண்டுவந்தது. மைக்ரோசாஃப்ட் 2012இல் விண்டோஸ் 8 வெளியிட்டபோது அதனுடன் வரும் பிளேயரில் டி.வி.டி. ஓடும் வசதியை எடுத்துவிட்டது. பழைய பெட்டியில் ஓடியது புதுப் பெட்டியில் ஊமையாக ஓடினால், அந்த வீட்டுக்காரர் யாரைச் சந்தேகப்படுவார்? தன் கோப்பைத்தான்.

கட்டணம் வாங்குவதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. உழைத்துக் கண்டுபிடித்தவருக்குக் கூலி வேண்டும். ஆனால் அதை எப்படி நேர்மையாகச் செய்யலாம் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. ராஸ்பெரி பை என்று ஒரு சின்னக் கணினிப் பலகை உண்டு. 2012இல் அதைச் செய்தவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள்: எம்பெக்-2 வீடியோ ஓட இந்தச் சில்லில் வசதி இருக்கிறது, உரிமக் கட்டணம் சேர்க்காததால் பூட்டியிருக்கிறோம், வேண்டுமானால் 2.40 பவுண்டு கட்டினால் திறந்து தருகிறோம். வாங்குகிறவனுக்குக் காரணமும் தெரிகிறது, விலையும் தெரிகிறது. நம் வீட்டு டிவி பெட்டிகள் ஏன் இந்த அளவுக்காவது வாய் திறக்கக் கூடாது?

இனி பாடத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் வீடியோ ஓடவில்லை என்றால், எந்த வரியில் தப்பு என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

ஒன்று. அதே பென்டிரைவில் வேறு ஒரு வீடியோவைப் போட்டுப் பாருங்கள். எதுவுமே தெரியவில்லை என்றால் குறை வீடியோவில் இல்லை, பென்டிரைவில் அல்லது அதைச் சொருகும் இடத்தில். பென்டிரைவை ஃபார்மட் செய்யும் முறை மூன்று நான்கு உண்டு. ஃபேட்32 என்பதைப் பெரும்பாலான பெட்டிகள் வாசிக்கும், ஆனால் அதில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது. பெரிய கல்யாண வீடியோவை ஏற்றுவதற்காகக் கடைக்காரர் என்.டி.எஃப்.எஸ். அல்லது எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றியிருப்பார். உங்கள் டிவிக்கு அது தெரியாமல் இருக்கலாம். ஹார்டு டிஸ்க் என்றால் அதைச் சுற்றவைக்கும் அளவுக்கு டிவியின் துளையில் மின்சாரம் வராமலும் இருக்கலாம்.

இரண்டு. மற்றது எல்லாம் தெரிகிறது, இது மட்டும் பட்டியலில் இல்லை என்றால் பெயரின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள். அக்கா வீட்டுக் கதை இதுதான். கணினியில் அந்தக் கடைசி எழுத்துகள் மறைந்திருக்கும், காட்டச் சொல்லி அமைப்பில் மாற்ற வேண்டும். பிரதியில் மட்டும் மாற்றுங்கள், அசலைத் தொடாதீர்கள். டி.வி.டி.யில் இருந்து எடுத்தது என்றால் வி.ஓ.பி. என்று முடியும் பல துண்டுகள் இருக்கும், ஒரு துண்டு 1 ஜி.பி. அளவைத் தாண்டாது. ஒரு துண்டை மட்டும் எடுத்துவிட்டு மீதிக் கல்யாணம் காணாமல் போய்விட்டது என்று அழுதவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மூன்று. பெயர் தெரிகிறது, ஓடவில்லை என்றால் படத்தின் மொழி தெரியவில்லை. படம் ஓடுகிறது, சத்தம் இல்லை என்றால் ஒலியின் மொழி தெரியவில்லை. இந்த இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். சத்தம் மட்டும் வராத கோப்பில் படத்தைத் தொடவே வேண்டாம், ஒலியை மட்டும் மாற்றினால் போதும்.

நான்கு. ஓடிக்கொண்டே இருந்து நின்றுபோனால், எந்த நிமிடத்தில் நின்றது என்று ஒரு தாளில் எழுதுங்கள். திரும்பப் போட்டு, அதே நிமிடத்தில் நின்றால் கோப்பில் குறை. பெரும்பாலும் பாதி ஏறும்போதே பென்டிரைவைப் பிடுங்கியிருப்பார்கள், அல்லது கரண்ட் போயிருக்கும். அசலின் அளவையும் பிரதியின் அளவையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் கோப்பு நல்லது. கம்பி, துளை, சூடு, வைஃபை இவற்றில் ஒன்றைப் பாருங்கள்.

ஐந்து. தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாக வந்தாலோ, கொம்பும் காலும் இடம் மாறி வந்தாலோ, அது உங்கள் கோப்பின் குறையாக இல்லாமலும் இருக்கலாம். சப்டைட்டில் கோப்பை யு.டி.எஃப்-8 என்ற முறையில் சேமித்துப் பாருங்கள். அப்போதும் கட்டம் வந்தால் பெட்டிக்குள் தமிழ் எழுத்தே வைக்கவில்லை என்று பொருள். யூனிகோட் அட்டவணையில் 1991இலேயே தமிழுக்கு இடம் கொடுத்தாகிவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் தமிழ்நாட்டில் விற்கும் பெட்டியில் தமிழ் கட்டமாகத் தெரிந்தால் அது விற்கிறவருக்கு அவமானம்.

கண்டுபிடித்த பிறகு மாற்றுவது எளிது. ஹேண்ட்பிரேக் என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு. எச்.264 படம், ஏ.ஏ.சி. ஒலி, எம்.பி.4 கவர் என்று கொடுத்துவிட்டுத் தூங்கப் போனால் காலையில் முடிந்திருக்கும். வெறுமனே ஓட்டிப் பார்க்க வி.எல்.சி. போதும். பாரிசில் 1996இல் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய வேலை அது. 2001 முதல் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். ஒன்றும் கேட்காமல் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஓட்டிக் காட்டும். அந்த வி.எல்.சி.யின் இணையதளத்தையே 2022இல் நம் நாட்டில் மாதக்கணக்கில் திறக்க முடியாதபடி தடுத்திருந்தார்கள். தடுத்ததற்குக் காரணம் என்ன என்று அவர்களுக்கே சொல்லவில்லை. இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் துணையோடு அக்டோபரில் அரசுக்குச் சட்ட அறிவிப்பு அனுப்பிய பிறகு நவம்பரில்தான் தடை நீங்கியது. காரணம் சொல்லாமல் கதவைச் சாத்தும் பழக்கம் டிவி பெட்டிக்கு மட்டும் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எனக்கு வரப்போகும் மறுப்புகள் தெரியும். ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

"சார், படத்தின் மொழி, ஒலியின் மொழி என்று திரையில் எழுதினால் சாதாரண ஜனங்களுக்குப் புரியுமா?" புரியும். மருந்துச் சீட்டில் உள்ளதும் நமக்குப் புரிவதில்லை. ஆனால் எழுதியிருப்பதால் கடையில் காட்டி மருந்து வாங்குகிறோம். "ஒலி டி.டி.எஸ். முறையில் உள்ளது, இந்தப் பெட்டியில் அது இல்லை" என்று ஒரு வரி வந்தால் அக்காவுக்குப் புரியாமல் போகலாம். அதை ஃபோனில் படம் எடுத்து மருமகளுக்கு அனுப்பினால் அவருக்குப் புரியும். ஜனங்களுக்கு அறிவு போதாது என்று சொல்லிக்கொண்டே உண்மையை மறைப்பவர்களை நான் பள்ளிக்கூடத்திலும் பார்த்திருக்கிறேன்.

"இப்போது எல்லாம் யூடியூபிலும் ஃபோனிலும் வந்துவிட்டதே, பென்டிரைவ் எதற்கு?" சினிமா வந்துவிட்டது. பாட்டு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்காவின் மகன் எந்த யூடியூபில் வருவார்? வீட்டு நினைவுகள் கடையில் கிடைக்காது. உலகத்திலேயே ஒரே ஒரு பிரதிதான் இருக்கும், அது யாரோ ஒருவர் வீட்டு மேசை அறையில் இருக்கும்.

"பெட்டி பொருத்துகிற பையனைக் குறை சொல்லலாமா?" அவனை நான் குறை சொல்லவில்லை. அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு நாளில் பத்து வீடு போக வேண்டும், ஒரு வீட்டுக்கு இருபது நிமிடம். ஆனால் தெரியாததைத் "தெரியாது" என்று சொல்லப் பழக வேண்டும். "போச்சு" என்பது வேறு, "எனக்குத் தெரியவில்லை" என்பது வேறு. முதலாவதைக் கேட்டவர் குப்பையில் போடுவார். இரண்டாவதைக் கேட்டவர் வேறு ஒருவரிடம் கேட்பார். நான் 2011இல் வேறு ஒருவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

"புதுப் பெட்டி வாங்கினால் தீர்ந்தது" என்பவர்களுக்கு என் பதில், அக்கா வீட்டில் இருந்ததே புதுப் பெட்டிதான்.

கடைசியாக என் கோரிக்கைகள்.

பெட்டி செய்கிறவர்களுக்கு: முடியாது என்றால் ஏன் முடியாது என்று திரையில் சொல்லுங்கள். தமிழில் சொல்லுங்கள். தெரியாத கோப்பை மறைக்காமல், பெயரைக் காட்டி, பார்க்கத் தெரியவில்லை என்று எழுதுங்கள். எந்தெந்த முறைகள் ஓடும் என்ற பட்டியலை வாங்கும் முன்பே கடையில் பார்க்கும்படி வையுங்கள்.

விற்கிறவர்களுக்கு: வாங்க வருகிறவர் தன் வீட்டுப் பென்டிரைவைக் கொண்டுவந்து போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் விடுங்கள். சேலை எடுக்கிறவர் பிரித்துப் பார்க்காமல் எடுப்பாரா?

கல்யாண வீடியோ எடுக்கும் தம்பிகளுக்கு: நீங்கள் பெரிய கேமராவில் உயர்ந்த தரத்தில் எடுப்பது நல்லதே. அந்தப் பெரிய கோப்போடு, எந்த டிவியிலும் ஓடும்படி எச்.264 முறையில் சாதாரணப் பிரதி ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். உங்களுக்கு ஒரு ராத்திரி கணினி ஓடினால் போதும், அந்த வீட்டுக்கு ஐம்பது வருட நிம்மதி.

வீட்டுக்காரர்களுக்கு: ஓடவில்லை என்ற காரணத்துக்காக எதையும் ஆக்கருக்குப் போடாதீர்கள். தட்டோ கேசட்டோ பென்டிரைவோ, அசலை ஈரம் படாத இடத்தில் வையுங்கள். பிரதி இரண்டு எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். வெள்ளை பூத்த கேசட்டை டெக்கில் போட்டுப் பார்க்காதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

என் வயதுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. "நமக்கு இதெல்லாம் வராது" என்று சொல்வதை நிறுத்துங்கள். நாம் டெக்கும் கேசட்டும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த தலைமுறை. மஞ்சள் கம்பி படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு என்று நமக்குத் தெரியும். படம் வந்து சத்தம் வராவிட்டால் எந்தக் கம்பியைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. இன்றைக்குக் கம்பி கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அருமனை, களியல், திற்பரப்பு, குழித்துறைப் பக்கம் இருப்பவர்கள், வீட்டில் ஓடாத தட்டோ பென்டிரைவோ இருந்தால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எடுத்துக்கொண்டு வாருங்கள். காசு வேண்டாம். சேர்ந்து பார்ப்போம். எல்லாம் ஓடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். எந்த வரியில் தப்பு என்று மட்டும் கட்டாயம் சொல்லி அனுப்புவேன்.

வாசித்தவர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். இந்த வாரமே அலமாரியைத் திறந்து, என்ன இருக்கிறது என்று ஒருதரம் பாருங்கள்.